அம்மாவுக்கு ஏற்ற வேளை: டெல்லி மெட்ரோவில் ஒரு வாரம்

2025 அக்டோபர் மாதத்தில் என் தாயாரும், அவர்களுடைய தங்கையாகிய சித்தியும் திருநெல்வேலியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு இரவுகள் பயணம் செய்து, கர்த்தருடைய கிருபையால் சுகமாய் டெல்லி ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்கு வயது 71. சித்திக்கு 66. இருவருக்கும் டெல்லி புதிது. பதினெட்டு ஆண்டுகளாக ஜனக்புரியில் குடியிருந்தும் அவர்களை அழைத்துவர எனக்கு இப்பொழுதுதான் வாய்த்தது. ஆகையால் மூன்று நாள் விடுப்பு எடுத்து, தலைநகரை முழுவதுமாய்க் காட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

பட்டணங்களில் பிழைக்க வந்த நம்மில் அநேகருடைய வீடுகளிலும் இத்தகைய வருகை உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன சமைப்பது, எங்கே படுக்கவைப்பது என்றெல்லாம் யோசிக்கிற நாம், எந்த வேளையில் அவர்களை வெளியே அழைத்துப்போவது என்பதை யோசிப்பதில்லை. நான் யோசிக்கவில்லை. ஆனால் அட்டைக் கணக்கை மட்டும் நன்றாய் யோசித்தேன். முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாசகர்களுக்கு அது பிரயோஜனமாயிருக்கும்.

டெல்லி மெட்ரோ 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே முதன்முதலாக ஓடத் தொடங்கியது. எங்கள் ஜனக்புரி வழியாகச் செல்லும் நீலத் தடம் 2005 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 25 முதல் கட்டணம் சற்று உயர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் வரை 11 ரூபாய், ஐந்து வரை 21, பன்னிரண்டு வரை 32, இருபத்தொன்று வரை 43, முப்பத்திரண்டு வரை 54, அதற்கு மேல் 64 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் இது குறைவு. 43 ரூபாய்ப் பயணம் அன்று 32 ரூபாய்தான்.

கவுன்டரில் ஒவ்வொரு முறையும் ஒற்றைப் பயணச் சீட்டு வாங்கினால் முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஸ்மார்ட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு பயணத்திலும் 10 சதவீதம் குறையும். நெரிசலற்ற வேளைகளில் பயணம் செய்தால் மேலும் 10 சதவீதம் குறையும். நெரிசலற்ற வேளைகள் என்பவை மூன்று: காலையில் முதல் வண்டி தொடங்கி 8 மணி வரை, நண்பகல் 12 முதல் மாலை 5 வரை, இரவு 9 முதல் கடைசி வண்டி வரை. நிலையத்துக்குள் நுழைவதும் வெளியே வருவதும் ஆகிய இரண்டுமே அந்த வேளைக்குள் அடங்கும்படி புறப்பட்டால், கணக்கில் எந்தச் சந்தேகமும் எழாது. ஏழரை மணிக்கு உள்ளே போய் எட்டரைக்கு வெளியே வருகிற பயணத்தை நெரிசலற்ற பயணம் என்று நம்பிவிட வேண்டாம்.

இவற்றுக்கு அப்பால், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று டூரிஸ்ட் கார்டு என்று ஒன்று உண்டு. ஒருநாள் அட்டை 200 ரூபாய், மூன்று நாள் அட்டை 500 ரூபாய் என்று வாங்கினேன். இரண்டிலும் 50 ரூபாய் முன்வைப்பு. அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அது நம் கைக்கு வந்துவிடும். ஆக, உண்மையான செலவு ஒரு நாளுக்கு 150 ரூபாய். அந்த அட்டைக்கு நெரிசல் வேளை, நெரிசலற்ற வேளை என்ற பேதம் கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம்.

“எத்தனை முறை வேண்டுமானாலும்” என்ற அந்தச் சொல்லில்தான் நான் அகப்பட்டேன்.

ஜனக்புரி மேற்கு நிலையத்திலிருந்து ராஜீவ் சௌக் வரை 43 ரூபாய்க் கட்டணம். ஸ்மார்ட் கார்டில் நெரிசல் வேளையில் 38 ரூபாய் 70 காசு ஆகும். அப்படி நான்கு பயணம் செய்தால் 154 ரூபாய் 80 காசு. டூரிஸ்ட் கார்டோ 150. நான்கு பயணம் செய்தாலே லாபம், ஐந்தாவது பயணம் இலவசம் என்று மனக்கணக்குப் போட்டு, இருவருக்கும் மூன்று நாள் அட்டை வாங்கிவிட்டேன். என் மனைவி அருகில் நின்றுகொண்டு, “மாமியால் ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்க முடியுமா?” என்று கேட்டாள். அட்டை வாங்கியாயிற்று, முடியத்தான் வேண்டும் என்றேன். இன்று நினைத்தாலும் அந்தப் பதில் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை. இட்லியும் காப்பியும் முடித்து நாங்கள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது காலை எட்டரை. பாதுகாப்புச் சோதனைக்குப் பெண்கள் வரிசை நிலைய வாசல் வரை நீண்டிருந்தது. நானோ தினந்தோறும் அதே வேளையில் அதே வரிசையில் நின்று வேலைக்குப் போகிறவன். பழகிப்போன கண்ணுக்கு நெரிசல் தெரிவதில்லை. அம்மா இரண்டு முறை முழங்காலைத் தடவிக்கொண்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெல்லி மெட்ரோவில் வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கென்று 2010 முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் தனியே பயணம் செய்யும்போது அது மிகுந்த பாதுகாப்பு. ஆனால் ஆண் ஒருவன் இரண்டு முதிய பெண்களை அழைத்துப்போகும்போது அதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்கள் முதல் பெட்டியிலும் அவன் இரண்டாம் பெட்டியிலும் நிற்க வேண்டும். வண்டி மாறும் நிலையமொன்றில் நான் அவர்களை முதல் பெட்டியின் கதவண்டையில் நிறுத்தி, “ஏறிக்கொள்ளுங்கள், நான் அடுத்த கதவில் ஏறுகிறேன்” என்று சொல்லி விலகினேன். கூட்டம் தள்ளியது. அம்மா உள்ளே போய்விட்டார்கள். சித்தியின் செருப்பு கழன்றது. அதைக் குனிந்து எடுத்த கணத்தில் கதவு மூடிற்று. சித்தி வெளியே நிற்பதைக் கண்டு நானும் ஏறாமல் நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் அம்மாவுடைய முகம் ஒரு முறை தெரிந்தது. அவ்வளவுதான், வண்டி போய்விட்டது.

அம்மாவின் கைபேசி சித்தியின் பையில் இருந்தது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. நிலையங்களின் பெயர்ப்பலகை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும்; அம்மா தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். எங்கே இறங்க வேண்டும் என்பதையும் நான் சொல்லியிருக்கவில்லை, நான்தான் கூடவே வருகிறேனே என்று. அடுத்த வண்டி மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் என் வாயிலிருந்து “இயேசுவே, இயேசுவே” என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. சித்தியோ நடைமேடையில் நின்றபடியே அந்நியபாஷையில் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பற்றி எனக்கு அப்பொழுது கவலையில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கிப் பார்த்தோம், அங்கே அம்மா இல்லை. அதற்கடுத்த நிலையத்தை நாங்கள் நெருங்கும்போது என் கைபேசி ஒலித்தது. ஒரு பெண்பிள்ளையின் குரல், இந்தியில்: உங்கள் தாயார் என்னோடு இருக்கிறார், பயப்படாதீர்கள், நடைமேடையின் முன்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்று. என் மகள் முந்தின இரவு ஒரு சீட்டில் எங்கள் முகவரியையும் என் எண்ணையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி, “ஆச்சி, இதை பைபிளுக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள்” என்று கொடுத்திருந்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. அம்மா கைப்பையிலிருந்த சிறிய பைபிளைத் திறந்து, பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் அந்தச் சீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தமிழ் அறியாத அந்தப் பிள்ளையும் இந்தி அறியாத என் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கல்லூரி மாணவி. எங்களுக்காக ஐந்தாறு வண்டிகளை விட்டிருக்கிறாள். முதல் வகுப்புக்குப் போயிருக்க மாட்டாள். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

அம்மா என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. “நமக்கு என்னய்யா அவசரம்? வேலைக்குப் போற பிள்ளைகளுக்குத்தான அவசரம். அதுக இடத்துல நாம போய் நின்னுக்கிட்டோம்” என்றார்கள்.

அன்று இந்தியா கேட்டைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பினோம். மாலைக் குடும்ப ஜெபத்தில், வழக்கமாய் வாசிக்கும் பகுதியை விட்டுவிட்டு ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்படி அம்மா பேத்தியிடம் சொன்னார்கள். இருபது ஆண்டுப் பகை தீர்ந்து ஏசாவும் யாக்கோபும் சந்திக்கும் அதிகாரம். நாம் எல்லோரும் அந்தத் தழுவலைப் பற்றியே பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு வருகிற பகுதியை அம்மா மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். சேர்ந்து போகலாம் வா என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால்கொடுக்கிற ஆடுமாடுகள் உண்டு, ஒரே நாள் விரட்டினாலும் அவை தாங்காது, அவற்றின் நடைக்குத் தக்கதாய் நான் மெதுவாய் வருகிறேன் என்று விடைபெறுகிறான். வாசித்து முடித்ததும் அம்மா ஸ்தோத்திரம் சொல்லி ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அம்மாவும் சித்தியும் வீட்டிலேயே இளைப்பாறினார்கள். டூரிஸ்ட் கார்டு இரண்டும் மேசையின்மேல் கிடந்து காலாவதியாயின. அட்டைகளைக் கவுன்டரில் கொடுத்து முன்வைப்பை வாங்கிக்கொண்டு, சாதாரண ஸ்மார்ட் கார்டு இரண்டு வாங்கினேன். மீந்திருந்த விடுப்பை அரைநாள் அரைநாளாய் எடுக்க மேலதிகாரி மனமிரங்கினார்.

அதன்பின் எங்கள் ஒழுங்கு இதுதான். பதினொன்றரைக்கு வீட்டிலேயே சாப்பாடு. பன்னிரண்டு அடித்தபின் நிலையத்துக்குள் நுழைவது. ஒரு நாளைக்கு ஓரிடம் மட்டும். நாலரைக்குள் ஜனக்புரியில் இறங்கிவிடுவது. பன்னிரண்டரை மணி வண்டியில் அம்மாவும் சித்தியும் முதியோர் இருக்கையில் உட்கார்ந்தார்கள், நான் அவர்கள் எதிரே நின்றேன். மூவரும் ஒரே பொதுப்பெட்டியில். பாதுகாப்புச் சோதனையில் முன்னால் நான்கு பேர். லிஃப்டில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தண்டவாளம் மேம்பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியே மொட்டைமாடிகளைப் பார்த்து, “இவ்வளவு தண்ணித் தொட்டியா!” என்று சித்தி வியந்ததைக் கேட்க என் காதுக்கு ஓய்வு இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அந்தத் தொட்டிகளை நான் கண்டதேயில்லை.

கஷ்மீரி கேட் அருகே உள்ள பரிசுத்த யாக்கோபு ஆலயத்துக்குப் போனது அந்த வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆசீர்வாதம். டெல்லியின் பழைமையான ஆலயங்களில் ஒன்று அது. 1836-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டியவர் ஜேம்ஸ் ஸ்கின்னர் என்ற படைத்தலைவர். தகப்பன் ஐரோப்பியர், தாய் இந்தியர். யுத்தகளத்தில் படுகாயப்பட்டுக் கிடந்தபோது, உயிர் பிழைத்தால் ஓர் ஆலயம் கட்டுவேன் என்று பொருத்தனை செய்து, பின்னாளில் தம்முடைய சொந்தப் பணத்தில் அதை நிறைவேற்றினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் சரித்திரம். 1857-ஆம் ஆண்டுப் போரில் ஆலயம் சேதமடைந்து, பின்பு செப்பனிடப்பட்டது. ஸ்கின்னரின் கல்லறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. நம்முடைய ஆராதனை முறை வேறு, அவர்களுடையது வேறு. ஆயினும் பொருத்தனையைச் செலுத்தியவர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அங்கே முழங்காலில் நிற்க முயன்று, முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் ஜெபித்தார்கள். யாரும் எங்களை எழுப்பவில்லை. டூரிஸ்ட் கார்டைக் கையில் வைத்திருந்தால், அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று நான்தான் எழுப்பியிருப்பேன்.

குதுப் மினாருக்குப் போன நாளில் ஹவுஸ் காஸில் வண்டி மாறினோம். பூமிக்கு வெகு ஆழத்தில் உள்ள நிலையம். மேலும் கீழுமாய் நகரும் படிக்கட்டுகள் பல உண்டு. அவற்றைக் கண்டு சித்தி மிரண்டார்கள். நெரிசலற்ற வேளையாதலால், லிஃப்டைத் தேடி நிதானமாய் நடந்து போக முடிந்தது. பின்னாலிருந்து ஒருவரும் தள்ளவில்லை.

கணக்குக்கும் வருவோம். நெரிசலற்ற வேளையில் அந்த 43 ரூபாய்ப் பயணம் சுமார் 34 ரூபாயில் முடியும். நான்கு முறை ஏறினாலும் 140 ரூபாயைத் தாண்டாது. அதாவது, டூரிஸ்ட் கார்டை லாபமாக்குகிற அதே நான்கு பயணம், நேரத்தை மாற்றினால் அதை நஷ்டமாக்கிவிடுகிறது. நாங்களோ ஒரு நாளைக்கு இரண்டே பயணம். போக ஒன்று, வர ஒன்று. அந்தக் கட்டணத்தில் மூன்று நாளுக்கு ஒருவருக்கு 207 ரூபாய்க்குள் அடங்கும். டூரிஸ்ட் கார்டில் 450. ஞாயிற்றுக்கிழமையில் அந்த அட்டை இன்னும் வீண். 32 ரூபாய்ப் பயணத்துக்கு ஸ்மார்ட் கார்டில் 28 ரூபாய் 80 காசுதான், ஐந்து முறை போனாலும் 144.

டூரிஸ்ட் கார்டு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நாளில் ஆறேழு இடங்களைப் பார்த்துவிட்டு இரவு வண்டி ஏறுகிற வாலிபப் பிள்ளைகளுக்கு அது நல்லதே. வேலைத் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ வந்து, காலையில் ஓரிடம் மாலையில் ஓரிடம் என்று அலைகிறவர்களுக்கும் அது உதவும். முதியோருக்கென்று டெல்லி மெட்ரோவில் தனிக் கட்டணச் சலுகை கிடையாது. மூன்றடிக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு மட்டும், பெரியவர்களுடன் வந்தால், சீட்டு வேண்டியதில்லை. ஒருவருக்கு ஓர் அட்டை கட்டாயம். ஒரே அட்டையைக் காட்டி இருவர் நுழைய முடியாது. கட்டணங்கள் மாறக்கூடியவையாதலால் வாங்குமுன் கவுன்டரிலுள்ள பலகையை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

நெரிசலற்ற வேளையிலும் குறை இல்லாமலில்லை. மாலை 5 முதல் 9 வரை வெளியே வர முடியாது என்றால், விளக்கொளியில் இந்தியா கேட்டைப் பார்ப்பது எப்படி? இரவு 9 மணிக்குமேல் அம்மாவை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு மாலையில் அழைத்துப்போனேன். அலுவலகக் கூட்டம் இல்லை, கட்டணமும் குறைவு. ஞாயிறு காலையில் மட்டும் ஓர் எச்சரிக்கை: மற்ற நாட்களைவிட முதல் வண்டி தாமதமாய்த் தொடங்கும் தடங்கள் உண்டு. தூரத்திலிருந்து ஆராதனைக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை இரவே விசாரித்துக்கொள்வது நலம்.

இதைச் சொல்லும்போது நம் சபைகளைக் குறித்தும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வாரநாட்களில் நம் விசேஷக் கூட்டங்கள் பெரும்பாலும் மாலை 6 மணிக்கே தொடங்குகின்றன. கைக்குழந்தையோடு வருகிற சகோதரிகளும் வயதான தாய்மாரும் பட்டணத்திலேயே கொடிய நெரிசலில் அப்பொழுது வந்து சேருகிறார்கள். நம் சபையின் பகல் உபவாச ஜெபத்துக்கு அதே தாய்மார் மலர்ந்த முகத்தோடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். இதுவரை அதற்குக் காரணம் யோசித்ததில்லை. பொறுப்பிலுள்ள மூப்பர்கள் யோசிப்பார்களாக.

மற்றப் பட்டணங்களிலுள்ள வாசகர்களுக்கும் இரண்டு வரி. பெங்களூரு மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்தபோது, ஸ்மார்ட் கார்டுக்கு 5 சதவீதமும் நெரிசலற்ற வேளைக்கு இன்னுமொரு 5 சதவீதமும் தள்ளுபடி வைத்தார்கள். அங்கே பகல் சலுகை 12 முதல் 4 வரை, டெல்லியைவிட ஒரு மணி நேரம் குறைவு. ஞாயிறு முழுவதும் நெரிசலற்ற வேளையாகவே கணக்கிடப்படும். மும்பையின் புறநகர் ரயிலில் வேளைக்கு வேளை கட்டண பேதம் கிடையாது. சீசன் பாஸும், சுற்றுலாப் பயணிகளுக்கான ஒருநாள், மூன்று நாள், ஐந்து நாள் சீட்டுகளும் எந்நேரமும் ஒன்றுதான். அங்கே பார்க்க வேண்டியது திசை. காலையில் ஜனம் தெற்கு நோக்கிப் போகும், மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும். எதிர்த்திசையில் போகிறவனுக்கு உட்கார இடம் கிடைக்கும். தாராவியிலும் சயானிலும் உள்ள நம் ஜனங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நவம்பர் பிறக்குமுன்பே இருவரும் ஊர் திரும்பினார்கள். புறப்படுகிற நாளில் அம்மாவின் ஸ்மார்ட் கார்டில் அறுபது ரூபாய்க்கு மேல் மீதியிருந்தது. அம்மா அட்டையை என்னிடம் கொடுக்காமல், என் மகள் எழுதிய சீட்டோடு சேர்த்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

“மறுபடியும் வரும்போது வரிசையில நிக்க வேண்டாமே” என்றார்கள்.